ஸ்டாம்ப் என்று கொடுத்தது எல்எஸ்டிதானா? தம்பியின் விரல்கள் இன்னும் மரத்திருக்கின்றன

கடிலக்கரை (கேள்வி):

வணக்கம். எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். தம்பி புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். போன சனிக்கிழமை இரவு, கோட்டக்குப்பத்தைத் தாண்டிக் கடற்கரையோரச் சவுக்குத் தோப்பில் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். எல்எஸ்டி ஸ்டாம்ப் என்று சொல்லி ஒருவன் கொடுத்ததை இவன் நாக்கில் வைத்திருக்கிறான். போதைப்பொருள் ஊறவைத்த, சுண்டுவிரல் நகத்தளவு காகிதம். கசந்தது என்கிறான். ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் ஒன்றும் தெரியவில்லை என்பதால் இன்னொன்றையும் வைத்துக்கொண்டான்.

நள்ளிரவுக்குப் பிறகு தொடங்கியது ஞாயிறு இரவு வரை அடங்கவில்லை. ஞாயிறு மதியம் இரண்டு பையன்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து, வெயிலில் மயங்கிவிட்டான் என்று சொல்லி வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கண்மணி முழுதாக விரிந்து கிடந்தது. பற்களை நெறித்துக்கொண்டே இருந்தான். சமையலறைச் சுவரில் ஓடுகள் ஊர்கின்றன என்றான். பாட்டி திருஷ்டி சுற்றிப்போட்டார். தலை பிளக்கிறது என்று சொல்லி, அப்பாவின் அலமாரியிலிருந்த ஒற்றைத் தலைவலி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டான். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் இரண்டு கை விரல்களும் வெளுத்து, பிறகு நீலம் பாரித்துவிட்டன. தொட்டால் ஐஸ்.

தனியார் மருத்துவமனை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நண்பர்கள் சொன்ன வெயில் கதையைத்தான் நாங்களும் சொன்னோம். சந்தேகப்பட்டுச் சிறுநீரில் போதைப் பரிசோதனை செய்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. டிரிப்ஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இன்று புதன்கிழமை. தூங்குகிறான், சாப்பிடுகிறான். ஆனால் இடது கை விரல் நுனிகளில் உணர்வில்லை. நகரும் பொருளுக்குப் பின்னால் நிழல் ஓடுவதாகச் சொல்கிறான். நேற்றுதான் என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னான். அவன் எடுத்தது என்ன? விரல் சரியாகிவிடுமா? உண்மையைச் சொன்னால் போலீஸ் வருமா?

லாஸ்பேட்டை மருந்தியல்:

அம்மா, இதைப் படித்ததும் தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளைக்கு என்று தள்ள வேண்டாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ ஜிப்மரோ, எது உடனே முடியுமோ அங்கே. நீலம் பாரித்த விரலில் நாள் கடந்தும் உணர்வு திரும்பவில்லை என்றால், ஒருவர் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும். டாப்ளரில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். ஈசிஜியும் எடுக்க வேண்டும். இரண்டு ஸ்டாம்ப் வைத்தான் என்பதையும், எத்தனை மணிக்கு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அந்தத் தலைவலி மாத்திரையின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எனக்கு எல்லாவற்றையும்விட அந்த அட்டைதான் கவலை தருகிறது.

நான் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்தக் காகிதத்தை ஆய்வுக்கூடத்தில் பார்க்காமல் அதில் இருந்தது இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எல்எஸ்டி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தலைகாட்டும்; பன்னிரண்டு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பது தாமதமாகத் தொடங்கி ஒரு பகலையே விழுங்கிய கதை. டிஓபி, டிஓசி என்று சுருக்கப் பெயர்களில் வரும் ஆம்பிடமின் வகை மாயத்தோற்றப் பொருள்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும். டிஓபியின் தாக்கம் ஒரு நாளைத் தாண்டியும் நீடிக்கலாம். மில்லிகிராம் கணக்கிலேயே வேலை செய்வதால் அது சிறு காகிதத்தில் அடங்கிவிடுகிறது. எல்எஸ்டி என்ற பெயரில் விற்பவனுக்கு அது போதும். கசப்பும் சந்தேகத்தைக் கூட்டுகிறது. ஆனால் கசக்காத காகிதம் நல்ல காகிதம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆம்பிடமின் என்றதும் நரம்பு முனையிலிருந்து டோபமினை வெளியே தள்ளும் பொருள் என்று மாணவர்கள் எழுதுவார்கள். இந்தக் கிளைக்கு அது முதன்மை வேலை இல்லை. மூலக்கூறின் கரி வளையத்தில் மெத்தாக்சி என்ற இரண்டு அணுத் தொகுதிகளும், நான்காம் இடத்தில் ஒரு புரோமினோ குளோரினோ மெத்திலோ ஏறிவிட்டால், மூலக்கூறு நேராக, செரோட்டோனின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் 5-எச்டி2ஏ ஏற்பியில் போய் அமர்ந்து அதைத் தூண்டுகிறது. பக்கச் சங்கிலியில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கிறது. மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதி மூலக்கூறைச் சிதைக்க வரும்போது அதுதான் குறுக்கே நிற்கிறது. அந்த மெத்தில் இல்லாத 2சி-பி சில மணி நேரத்தில் அடங்கும். அதை மட்டும் சேர்த்தால் கிடைப்பது டிஓபி. ஒரு கரி அணுவும் அதன் ஹைட்ரஜன்களும்தான் உங்கள் தம்பியின் ஞாயிற்றுக்கிழமையை அவ்வளவு நீளமாக்கியிருக்கலாம்.

அயோடின் ஏறிய டிஓஐயை ஆய்வுக்கூடங்களில் இந்த ஏற்பியை ஆராய இன்றும் பயன்படுத்துகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட சிறிது நேரத்தில் சுண்டெலி, காதில் தண்ணீர் புகுந்ததுபோல் தலையை வெடுக்கென்று உதறும். சற்று நின்று மறுபடி உதறும். 5-எச்டி2ஏயை அடைக்கும் மருந்தை முன்னதாகக் கொடுத்துவிட்டால் அந்த உதறல் வராது. அந்த எலியைப் பார்த்த பிறகு ஏற்பி என்பது எனக்குப் பாடப்புத்தகப் படமாகத் தோன்றியதே இல்லை.

இப்போது விரலுக்கு வருகிறேன். இதே ஏற்பி மூளையில் மட்டும் இல்லை, ரத்தக் குழாய்ச் சுவரின் தசையிலும் இருக்கிறது. அங்கே அதைத் தூண்டினால் செல்லுக்குள் கால்சியம் ஏறி, தசை இறுகி, குழாய் சுருங்கும். டிஓபி உட்கொண்டவரின் ரத்தக் குழாய்கள் பரவலாக இறுகிப்போனது 1983ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. உங்கள் வீட்டு மாத்திரையில் எர்கோட்டமின் இருக்கிறதா என்று அட்டையில் படித்துப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் ஒற்றைத் தலைவலிக்கு வெகுகாலமாக விற்பனையாகும் பல மாத்திரைகளில் அது உண்டு. எர்கோட்டமினின் வேலையே ரத்தக் குழாயை இறுக்குவது. இறுகிக்கொண்டிருந்த குழாயின் மேல் இன்னொரு இறுக்கி ஏறியிருக்கலாம். இனி அந்த மாத்திரையோ, ஒற்றைத் தலைவலிக்கே தரப்படும் டிரிப்டான் வகை மாத்திரையோ மருத்துவர் சொல்லாமல் அவன் கைக்குப் போகக் கூடாது. பீடி, சிகரெட்டும் வேண்டாம். நிக்கோட்டினும் குழாயைச் சுருக்கும். கை குளிர்கிறது என்று சுடுநீர்ப் பை வைக்காதீர்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் அவனுக்குத் தெரியாது.

சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி ஆறுதல் அடைய வேண்டாம். வழக்கமான பரிசோதனை அட்டை சாதாரண ஆம்பிடமினுக்காகச் செய்யப்பட்டது. வளையத்தில் இத்தனை தொகுதிகள் ஏறிய பொருள் அதன் கண்ணில் படாமலே போய்விடும். மூலக்கூறை அதன் நிறையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்தில்தான் பிடிபடும். உண்மை தெரிந்திருந்தால் அன்றைக்கே உங்களை அனுப்பாமல் வைத்திருந்திருப்பார்கள். லோராசிபாம் போன்ற பென்சோடையசிபைன் கொடுத்து அமைதிப்படுத்துவது, உடற்சூட்டைக் குறைப்பது, குழாய் இறுகினால் அதை விரிக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது என்று வழிகள் இருக்கின்றன. முறிவு மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஆகவே நேரம்தான் எல்லாம்.

கீழைக்காற்று:

அம்மா, மன்னிக்க வேண்டும், நீங்கள் தேவைக்கு மேல் அச்சமூட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்எஸ்டியால் உடலுறுப்பு கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பையன் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் கிடந்திருப்பான். முதல் ஸ்டாம்ப் வேலை செய்யவில்லை என்றால் அது போலியாகத்தான் இருக்கும்; இன்னொன்று வைப்பதில் தவறென்ன இருக்கிறது?

லாஸ்பேட்டை மருந்தியல்:

தம்பி, உங்கள் கடைசி வாக்கியத்துக்காகவே மறுபடி எழுதுகிறேன். அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது.

அலெக்சாண்டர் ஷல்ஜின் என்ற வேதியியலாளர் 1960களின் தொடக்கத்தில் டிஓஎம் என்ற பொருளை உருவாக்கினார். இந்தக் குடும்பத்தின் மூத்த உருப்படிகளில் ஒன்று அது. 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் எஸ்டிபி என்ற பெயரில் மாத்திரையாகப் பரவியது. ஒரு மாத்திரையில் 20 மில்லிகிராம் வரை இருந்தது. அது மிக அதிகம். எல்எஸ்டியின் வேகத்துக்குப் பழகியிருந்த இளைஞர்கள் ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்று அடுத்ததைப் போட்டார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து ஏறின. பலர் மிரண்ட நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். உங்கள் வயதுப் பையன்கள்தான். அத்தனை ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்தது, போன சனிக்கிழமை கோட்டக்குப்பம் தோப்பிலும் அப்படியே நடந்திருக்கிறது.

எல்எஸ்டி உறுப்பைக் கெடுக்குமா என்பது இங்கே கேள்வியே இல்லை. காகிதத்தில் அச்சிட்ட படம் உள்ளே இருப்பதைச் சொல்லாது. 1998இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் டேவிட் நிக்கல்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஏற்பியை ஆராய்வதற்காகப் புரோமோ-டிராகன்ஃப்ளை என்ற மூலக்கூறு உருவானது. அதுவும் வெளியே கசிந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் உயிர்ப்பலி நேர்ந்தது. ஸ்வீடனில் ஒருவர் திசு அழுகி விரல்களை இழந்தார். என்பிஓஎம்இ என்ற வகைச் செயற்கை மாயத்தோற்றப் பொருள்களும் இதே காகிதத்தில், இதே பெயரில் விற்கப்பட்டு வலிப்பிலும் மரணத்திலும் முடிந்திருக்கின்றன.

நம் கடற்கரையின் புழுக்கத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. இந்தப் பொருள்கள் உடற்சூட்டை ஏற்றும், தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சூடு வெளியேற வழியில்லாத உடலோடு ஆடிக்கொண்டே இருந்தால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும். கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் போனால் அது தசைச் சிதைவின் அடையாளம். தண்ணீர் குடிக்கவில்லை என்று இதைச் சுருக்கிவிடாதீர்கள்.

கடலூர் வழக்கறிஞர்:

சகோதரி கேட்ட போலீஸ் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் டிஓபி, டிஓஎம், எல்எஸ்டி எல்லாமே பட்டியலில் உள்ள பொருள்கள்தான். உட்கொண்டதற்கு 27ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பொருளைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவைப் படியுங்கள். போதைக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு தொடர்பான வழக்கிலோ 27ஆம் பிரிவு வழக்கிலோ சிக்கினாலும், தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். உங்கள் தம்பி அடிமை என்று நான் சொல்லவில்லை. சட்டம் சிகிச்சையை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதற்காகச் சொன்னேன். மிச்சம் ஏதாவது விடுதி அறையில் இருக்கிறதா என்று அவனிடம் கேளுங்கள். வைத்திருப்பது வேறு குற்றம். நண்பனுக்கு ஒன்றைக் கொடுப்பதும் குற்றம்தான்.

தந்திராயன்குப்பம் விடுதி:

நான் கடற்கரைப் பக்கம் தங்கும் விடுதியில் வேலை செய்கிறேன். வார இறுதியில் இப்படிப் பையன்களைப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வருவது கூட வந்தவர்கள் மேல்தான். ஒருவன் உளறத் தொடங்கியதும் மற்றவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். வலிப்பு வந்தால் வாயில் சாவி, இரும்பு எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை அங்கேயே இருங்கள். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம்.

கடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மதியமே கடலூர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். லாஸ்பேட்டை அம்மா சொன்னது சரி, அட்டையில் எர்கோட்டமின் என்று போட்டிருக்கிறது. முழு உண்மையையும் அவனே மருத்துவரிடம் சொன்னான். திட்டவில்லை, உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். இரண்டு மணிக்கட்டிலும் நாடி கிடைக்கிறது, டாப்ளரில் ஓட்டம் இருக்கிறது, ஈசிஜி சரியாக உள்ளது. நுனி நரம்பு மெல்லத்தான் தேறும் என்று சொல்லி, உள்நோயாளியாக வைத்துப் பார்க்கிறார்கள். விடுதி அறையில் மிச்சம் எதுவும் இல்லை என்று சொன்னான்.

ஒன்றை நான் எழுதாமல் விட்டிருந்தேன். எங்கள் தாய்மாமனுக்கு இருபது வயதில் மனநோய் வந்து, இன்றுவரை மருந்து எடுத்துக்கொள்கிறார். இதையும் சொல்ல வேண்டுமா? எங்கள் அம்மா சொல்லக் கூடாது என்கிறார்.

லாஸ்பேட்டை மருந்தியல்:

சொல்ல வேண்டும், கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு குடும்பத்தில் இருந்தால் இவ்வகைப் பொருள் அதை முன்கூட்டியே கிளறிவிடக்கூடும். நிழல் ஓடுவது பெரும்பாலும் தானாகக் குறையும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல் இருந்தாலோ, யாரோ பேசுவது கேட்கிறது என்றாலோ, காரணமில்லாமல் உங்களைச் சந்தேகப்பட்டாலோ, மனநல மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். உள்ளே இருக்கும்போதே அவர்களை வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். போதை தொடர்பாக 14446 இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். மாமனின் சீட்டு வீட்டில் இருந்தால் அதன் நகலையும் மருத்துவரிடம் கொடுங்கள். அவர் எந்த மருந்துக்குத் தேறினார் என்பது உங்கள் தம்பிக்கும் நாளை உதவலாம்.