புதுப்பிப்பு: சீசன்ல படுத்த சர்வர் எழுந்துடுச்சு

போன மாசம் கேட்டிருந்தேன்: ஊட்டி காட்டேஜ் புக்கிங் தளம், ஆட்டோஸ்கேலிங் (கூட்டத்துக்கு ஏத்தபடி சர்வரைத் தானாவே கூட்டிக் குறைக்கிற வசதி) இருந்தும், மலர்க் கண்காட்சி தேதி அறிவிச்சதுமே ஏன் படுத்துடுதுன்னு. சர்வரோட லாக்கை, அதாவது பதிவுகளைப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. சிபியு வேலைப்பளு ஏறின பிறகுதான் புது சர்வர் கிளம்புது. அது எழுந்து கேஷ் (அடிக்கடி கேட்கிற தகவலைக் கைவசம் வெச்சிருக்கிற இடம்) நிரம்புறதுக்குள்ள கூட்டம் வந்து முட்டிடுது.

இப்போ ஹோல்ட்-விண்டர்ஸ்ங்கிற புள்ளியியல் கணிப்பு முறையில வாரச் சுழற்சியை வெச்சு, அடுத்த மணி நேர லோடை முன்கூட்டியே கணிக்கிறோம். வியாழன் ராத்திரி ஏத்தம் அழகா பிடிபடுது. அறிவிப்பு வர்ற நாள் மட்டும் எந்தக் கணிப்புக்கும் அடங்காது. 2024 மே 7-ல ஊட்டி வர்ற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தப்போ பழைய கிராஃபே உதவலை. அதனால மே முழுக்க ரெண்டு சர்வர் கூடுதலா, கையாலேயே.

அறை தேடுற கோரிக்கை மத்ததைவிட ரொம்ப நேரம் பிடிக்கும். அதனால கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கிற என்ஜின்எக்ஸ்ல, வரிசையா ஒவ்வொரு சர்வருக்கும் கொடுக்கிற ரவுண்ட் ராபினை விட்டு, அப்போ குறைவான இணைப்பு இருக்கிற சர்வருக்கு அனுப்புற லீஸ்ட் கனெக்‌ஷனுக்கு மாறினோம்.

நேத்து ராத்திரி குன்னூர்ல மழை, கரண்ட் இல்லை. லேப்டாப் பேட்டரியில கிராஃபையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். கோடு அசையவே இல்லை.