63ஆம் செக்டாரில் தொடங்கும் பார்ட்டிஷன்: புதிய டிஸ்கில் எழுதும் வேகம் குறைவது ஏன்?

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலக அஞ்சல் சர்வரின் பழைய டிஸ்கை 2 டிபி கொண்ட புதிய டிஸ்குக்கு அப்படியே குளோன் செய்தேன். பெரிய கோப்புகளைப் படிப்பதில் குறையில்லை. ஆனால் அஞ்சல் பெட்டிகளில் சிறு கோப்புகள் எழுதப்படும்போது பழைய டிஸ்கைவிட மெதுவாக இருக்கிறது. எஃப்டிஸ்க் என்னும் கருவியில் பார்த்தால் பார்ட்டிஷன் (டிஸ்கின் ஒரு பிரிவு) 63ஆம் செக்டாரில் (டிஸ்கின் சிறு சேமிப்பு அலகு) தொடங்குகிறது. செக்டார் அளவு 512/4096 பைட் என்று காட்டுகிறது. அதன்மேல் எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் திரட்டிப் பங்கிடும் லினக்ஸ் அடுக்கு) உள்ளது. இதுதான் காரணமா? சர்வரை நிறுத்தாமல் சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 1:
வணக்கம் ஐயா. காரணம் அதுவேதான். 4096 பைட்டில் 512 பைட் செக்டார்கள் எட்டு அடங்கும்; 63ஐ அந்த 8ஆல் வகுத்தால் மீதி 7 வருகிறது; சிக்கல் அந்த மீதியில் இருக்கிறது. உங்கள் டிஸ்க் வெளியே 512 பைட் என்று சொன்னாலும் உள்ளே 4096 பைட் செக்டாராகவே எழுதுகிறது. ஆகவே கோப்பு முறைமையின் ஒவ்வொரு 4 கேபி பிளாக்கும் சேற்றில் ஒரு கால், ஆற்றில் ஒரு கால் என்று இரண்டு செக்டார்களில் நிற்க, டிஸ்க் அவ்விரண்டையும் படித்து, மாற்றி, தட்டு ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருந்து மீண்டும் எழுத வேண்டியிருக்கிறது. 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று) டிஸ்கில் அந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிசெகண்டு ஆகும். டிராக்குக்கு 63 செக்டார் என்று கணக்கிட்ட டாஸ் காலத்து வழக்கம், குளோனோடு சேர்ந்து வந்துவிட்டது.

எல்விஎம் இருப்பது நல்லதாயிற்று. இன்னொரு டிஸ்கில் 2048ஆம் செக்டாரில், அதாவது சரியாக 1 எம்ஐபியில் (1024 கேஐபி; 1 கேஐபி என்பது 1024 பைட்), தொடங்கும் பார்ட்டிஷனை அமைத்து, பிவிகிரியேட் (அதை எல்விஎம்முக்குத் தயாராக்கும் கட்டளை), விஜிஎக்ஸ்டெண்ட் (எல்விஎம் தொகுப்பில் சேர்க்கும் கட்டளை) முடித்து, பிவிமூவ் (தரவை நகர்த்தும் கட்டளை) கொடுங்கள். சர்வர் ஓடும்போதே தரவு நகரும். காப்புப் பிரதி எடுக்காமல் மட்டும் தொடங்காதீர்கள்.

மறுமொழி 2:
பின்னாளில் ரெய்டு 5க்கு (தரவையும் அதை மீட்க உதவும் பேரிட்டியையும் பல டிஸ்குகளில் பகிர்ந்து எழுதும் முறை) மாறுவதாக இருந்தால் 1 எம்ஐபி மட்டும் போதாது. நான்கு டிஸ்க், 512 கேஐபி சங்க் (ஒரு டிஸ்கில் ஒரு தடவை எழுதும் துண்டு) என்றால், ஒரு டிஸ்கின் அளவு பேரிட்டிக்குப் போக, முழு ஸ்டிரைப் (எல்லா டிஸ்குகளிலும் சேர்ந்த ஒரு வரிசை) 1536 கேஐபி. பிவிகிரியேட்டில் டேட்டா அலைன்மென்டை (தரவு தொடங்கும் இடம்) அதற்கேற்பக் கொடுத்தாலும், எல்விஎம் இடம் ஒதுக்கும் அலகான எக்ஸ்டென்ட் வழக்கமாக 4 எம்ஐபி என்பதால் மூன்றில் ஓர் எக்ஸ்டென்ட்தான் ஸ்டிரைப்பின் தொடக்கத்தில் அமரும். முதல் லாஜிக்கல் வால்யூம் (எல்விஎம் பிரித்துத் தரும் பகுதி) நன்றாக ஓடி, இரண்டாவது மட்டும் தடுமாறியதைப் பார்த்து நான் இரண்டு நாள் குழம்பியது இதனால்தான். ஒவ்வொரு வால்யூமின் அளவையும் மூன்று எக்ஸ்டென்டின், அதாவது 12 எம்ஐபியின், மடங்காக வைத்த பின்னரே சீரானது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காப்புப் பிரதி எடுத்துவிட்டு, 2048இல் தொடங்கும் பார்ட்டிஷனுக்குப் பிவிமூவ் கொடுத்திருக்கிறேன். இப்போது 38 விழுக்காடு நகர்ந்திருக்கிறது.