பைண்ட் செய்வதும் கம்பைல்தான், இதில் என்ன சந்தேகம்?

பைண்ட்மணி
பக்கத்து இழையில் ரஸ்ட்ராசு எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன் (எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸிடம் பேசும் மொழி, எஸ்க்யூஎல்எக்ஸ் என்பது ரஸ்ட் நிரல் மொழியில் அதற்கான நூலகம், கம்பைல் என்பது எழுதிய நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றுவது): "எஸ்க்யூஎல் குவெரியில் உள்ள தவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் ஆகும்போதே பிடிப்பதை ரஸ்டின் எஸ்க்யூஎல்எக்ஸ்தான் முதலில் சாத்தியமாக்கியது. அதுவரை எல்லோரும் ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்."

எல்லோரும் என்றால் யார் யார் தம்பி? நான் கோபால் என்ற நிரல் மொழியில் எழுதிய காலத்தில் உங்கள் ரஸ்டுக்குப் பெயரே வைக்கவில்லை. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் 1970களில் சிஸ்டம் ஆர் என்ற சோதனை டேட்டாபேஸைக் கட்டியபோதே, நிரலுக்குள் இருக்கும் எஸ்க்யூஎல்லை முன்கூட்டியே சரிபார்த்து மெஷின் கோடாகவே மாற்றி வைத்துவிட்டார்கள். அவர்களுடைய டேட்டாபேஸான டிபி2 வந்தது 1983-இல். ப்ரீகம்பைலர், எக்ஸெக் எஸ்க்யூஎல் என்று தொடங்கும் வரிகளை எல்லாம் உருவி டிபிஆர்எம் என்ற தனிக் கோப்பில் போடும். அதை பைண்ட் செய்யும்போது, அதாவது அந்த வரிகளை டேட்டாபேஸிடம் கொடுத்து ஓடத் தயாராக்கும்போது, டிபி2 என்னென்ன டேபிள் இருக்கிறது என்ற தன் கேட்டலாகைத் திறந்து பார்க்கும். டேபிள் இல்லையா, பிழை எண் -204. காலம் இல்லையா, -206. உனக்கு அந்த டேபிளைத் தொட அனுமதி உண்டா என்பது வரை பார்த்துவிடும். நிரல் ஒரு வரி கூட ஓடியிருக்காது.

முதலில் சாத்தியமாக்கியதாம்!

ரஸ்ட்ராசு
வணக்கம் ஐயா. வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி. ஆனால் நான் எழுதியதில் "கம்பைல் ஆகும்போதே" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படியுங்கள். நீங்கள் சொல்வது பைண்ட். கோபால் கம்பைல் ஆகி, ஓடும் கோப்பான லோட் மாட்யூல் தயாரான பிறகும் பைண்டில் தவறு வரலாம். அப்படியானால் கம்பைலர் அந்தத் தவற்றைப் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? என்னுடையதில் கார்கோ பில்ட் என்ற கம்பைல் கட்டளையை அடித்தால் அங்கேயே சிவப்புக் கோடு. பைனரியே பிறக்காது.

பைண்ட் வேறு, கம்பைல் வேறு.

பைண்ட்மணி
கண்ணாடியைப் பற்றிப் பேசினால் நானும் பேசுவேன். சென்ற வருடம் இன்டெக்ஸ் இழையில் யார் வாயை மூடிக்கொண்டு போனார் என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

விஷயத்துக்கு வருவோம். உன் ரஸ்ட் கம்பைலருக்கு எஸ்க்யூஎல் தெரியுமா? தெரியாது. குவெரியை எழுதும் அந்த எஸ்க்யூஎல்எக்ஸ் மேக்ரோ (கம்பைல் ஆகும்போது விரிந்து நிரலாக மாறும் துண்டு) என்ன செய்கிறது? டேட்டாபேஸ் யூஆர்எல் என்று ஒரு சூழல் மாறி வைத்திருக்கிறாய், அதில் உள்ள முகவரிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிடம் "ஐயா, இந்த குவெரியைப் ப்ரிப்பேர் செய்து பாருங்கள், என்னென்ன டைப் வருகிறது" என்று கேட்கிறது. அது சொல்லும் பதிலை வாங்கி வந்து உன்னிடம் ஒப்பிக்கிறது. சரிபார்ப்பது போஸ்ட்கிரஸ். கம்பைலர் வெறும் தபால்காரர்.

நாங்கள் அதே தபாலைத் தனி ஜாபில் அனுப்பினோம். அதற்குப் பெயர் பைண்ட். அதுவும் கம்பைல்தான்.

மலைப்பாம்பு
இரண்டு பேருக்கும் ஒரு கும்பிடு. ஒரு டெஸ்ட் எழுதி, உண்மையான டேட்டாபேஸில் ஓட்டி, ரோல்பேக் செய்து பழையபடி ஆக்கினால் முடிந்தது. இதற்கு மேக்ரோவும் வேண்டாம், கோபாலும் வேண்டாம். (கோபால் என்றதும் யாரோ பெரியப்பா பெயர் என்று நினைத்துவிட்டேன்.)

பைண்ட்மணி
பைத்தான்காரர் டெஸ்ட் எழுதுவதைப் பற்றிப் பேசுகிறார், எல்லோரும் எழுந்து நில்லுங்கள். குவெரியில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கவே டெஸ்ட் எழுத வேண்டும் என்றால், அந்த டெஸ்டில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்?

ரஸ்ட்ராசு
இதில் மட்டும் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் பைண்ட் கம்பைல் இல்லை.

இன்னொன்று. நானும் கொஞ்சம் படித்தேன். டிபி2-வில் பைண்ட் செய்யும்போது வேலிடேட் என்று ஒரு விருப்பம் இருக்கிறதாமே? அதில் ரன் என்று இருந்தால், டேபிள் இல்லாவிட்டாலும் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும், ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அதுதான் இயல்பாக அமையுமாமே? இதுதான் நிரல் ஓடுவதற்கு முன் பிடித்த லட்சணமா?

பைண்ட்மணி
நேற்று மாலை படித்துவிட்டு இன்று காலை பாடம் எடுக்க வந்துவிட்டார். நான் வேலை செய்த எந்த இடத்திலும் ப்ரொடக்‌ஷனுக்கு வேலிடேட் பைண்ட்தான். ரன் என்று வைத்தவனை டேட்டாபேஸ் நிர்வாகியான டிபிஏ உள்ளேயே விடமாட்டார். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தவன் கை வெட்டிக்கொண்டால் கத்தியைக் குறை சொல்லாதே.

நீயும் சொல், உன்னுடையதில் ஆஃப்லைன் என்று ஒரு வழி இருக்கிறதே, அது என்ன? கார்கோ எஸ்க்யூஎல்எக்ஸ் ப்ரிப்பேர் அடித்தால் டேட்டாபேஸ் சொன்ன பதில்களை ஜேசன் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். பில்ட் சர்வரில் டேட்டாபேஸே கிடையாது. அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் "சரி" என்கிறது. போன மாதம் எடுத்த ஜாதகத்தை வைத்து இன்றைக்குப் பெண் பார்க்கப் போவது மாதிரி.

ரஸ்ட்ராசு
அதற்குத்தான் அதே கட்டளையில் செக் என்று ஒரு கொடி இருக்கிறது. கோப்பு பழையதாகிவிட்டால் சிஐ என்ற தானியங்கிச் சோதனை விழும். படிக்காமல் பேசுவது யார்?

சொல்வேட்டை
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "காலம் இல்லையா, -206" என்பதைப் படித்து ஐந்து நிமிடம் குழம்பினேன். யாருக்குக் காலம் இல்லை? நெடுவரிசை என்று அழகான சொல் இருக்கும்போது ஏன் இந்தக் கொடுமை? கம்பைல் என்பதற்குத் தொகுத்தல். பைண்ட் என்பதற்குப் பிணைத்தல். இப்படி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. தொகுத்தலும் பிணைத்தலும் ஒன்றல்ல என்று சொல்லைப் பார்த்தாலே தெரிகிறதே.

ரஸ்ட்ராசு
ஆகா. தமிழே என் பக்கம்.

பைண்ட்மணி
சொல்வேட்டை அவர்களே, மெயின்ஃப்ரேமுக்கு வேலை சொல்லும் ஜேசிஎல்லில் "பிணை" என்று எழுதிப் பாருங்கள், ஜாமீன் கிடைக்கிறதா என்று பார்ப்போம். கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக்கும் லிங்க் எடிட் என்பதற்கும் போன தடவை பிணைத்தல் என்றுதான் சொன்னீர்கள். ஒரு சொல்லை எத்தனை பேருக்குத் தாரை வார்ப்பீர்கள்?

சொல்வேட்டை
அதற்கு இணைத்தல் என்றேன். பிணைத்தல் என்று சொல்லவே இல்லை. பழைய இழையைத் தேடி எடுத்துப் போடவா?

பைண்ட்மணி
போடுங்கள்.

டிபிஏ_அக்கா
உங்கள் இரண்டு பேரின் குவெரியும் கடைசியில் என் தலையில்தான் விழுகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். எந்த டேட்டாபேஸைக் கேட்டுச் சரிபார்த்தீர்கள்? உங்கள் லேப்டாப்பில் இருப்பதையா, என்னிடம் இருப்பதையா?

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்பு வந்தபோது (2015) வரிகளைக் குழுவாகச் சேர்க்கும் குரூப் பை விதியை இயல்பாகவே கடுமையாக்கினார்கள். டெவலப்பர் லேப்டாப்பில் யாரோ அந்த விதியை அணைத்து வைத்திருந்தார். அவரிடம் எல்லாம் பச்சை. என்னிடம் வந்ததும் குவெரி விழுந்தது. அதே குவெரி, அதே டேபிள், அமைப்பு மட்டும் வேறு.

அது போகட்டும், இதற்குப் பதில் சொல்லுங்கள். ஆர்டர்ஸ் என்ற டேபிளில் கஸ்டமர்_ஐடி இருக்கிறது. பழைய_கஸ்டமர்ஸ் என்ற டேபிளில் அந்தக் காலத்தின் பெயர் வெறும் ஐடி. பழைய கஸ்டமர்களின் ஆர்டர்களை மட்டும் அழிக்க ஒரு பையன் எழுதினான்: டெலீட் ஃப்ரம் ஆர்டர்ஸ் வேர் கஸ்டமர்_ஐடி இன் (செலக்ட் கஸ்டமர்_ஐடி ஃப்ரம் பழைய_கஸ்டமர்ஸ்). உள்ளே இருக்கும் டேபிளில் அப்படி ஒரு காலமே இல்லை. பிழை வருமா?

மலைப்பாம்பு
வரும். காலம் இல்லை என்று சொல்லும்.

டிபிஏ_அக்கா
வராது. உள்ளே கிடைக்காத பெயரை எஸ்க்யூஎல் வெளி குவெரியில் தேடும். அங்கே ஆர்டர்ஸில் கஸ்டமர்_ஐடி இருக்கிறதே. ஆக ஒவ்வொரு வரியும் தன்னைத்தானே ஒப்பிட்டுப் பார்த்து "ஆமாம், பொருந்துகிறது" என்று சொல்லும். பழைய_கஸ்டமர்ஸில் ஒரே ஒரு வரி இருந்தால் போதும், ஐடி நிரப்பாத ஆர்டர்களைத் தவிர மொத்த டேபிளும் காலி. எழுதி வைத்த விதியே அப்படி. மேக்ரோவும் பாஸ் செய்யும், பைண்டும் பாஸ் செய்யும். காலப் பெயருக்கு முன்னால் டேபிள் பெயரையும் போட்டு எழுதடா என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்கு பேக்கப்பிலிருந்து மீட்க இரவு இரண்டு மணி ஆனது.

ரஸ்ட்ராசு
அக்கா, அது லாஜிக் பிழை. யாரும் பிடிக்க முடியாது. நாங்கள் பேசுவது பைண்ட் கம்பைலா இல்லையா என்பது.

பைண்ட்மணி
சரியாகச் சொன்னாய். பேச்சை மாற்ற வேண்டாம் அம்மா.

டிபிஏ_அக்கா
ஓகோ. இப்போது மட்டும் ஒற்றுமையா?

பைண்ட்மணி
ராசுவின் "கம்பைல் ஆகும்போதே" என்ற வாதத்துக்கு ஆப்பு கொண்டு வந்திருக்கிறேன். டிபி2 வேண்டாம், ஆரக்கிளுக்கு வா. ப்ரோ சி என்று கேள்விப்பட்டிருக்கிறாயா? சி நிரலுக்குள் எஸ்க்யூஎல் எழுதுவது. அதில் எஸ்க்யூஎல்செக் என்ற விருப்பத்துக்கு செமான்டிக்ஸ் என்று கொடுத்து, யூசர்ஐடியில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், ப்ரீகம்பைலரே ஆரக்கிளுக்குள் போய் டேபிள், காலம், டைப் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரும். தவறு இருந்தால் சி கோப்பே வராது. உன் டேட்டாபேஸ் யூஆர்எல்லுக்கும் என் யூசர்ஐடிக்கும் என்ன வித்தியாசம்? ஜாவாவிலும் எஸ்க்யூஎல்ஜே என்று இதே கதை உண்டு. அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை, பாவம்.

ரஸ்ட்ராசு
ஐயா, அதன் பெயரையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ப்ரீ... கம்பைலர். கம்பைலுக்கு முன்னால். பைண்ட் என்பது கம்பைலுக்குப் பின்னால். முன்னாலும் இருக்கிறது, பின்னாலும் இருக்கிறது, நடுவில் கம்பைலில் மட்டும் இல்லை. நான் சொன்னதும் அதையேதான்.

மலைப்பாம்பு
😂😂

பைண்ட்மணி
சிரிப்பவர் கவனிக்கவும்: மேக்ரோவும் கம்பைலர் தன் உண்மையான வேலையைத் தொடங்கும் முன்பே விரிகிறது. அப்படியானால் அதுவும் ப்ரீதான். என்ன சொல்கிறாய்?

ரஸ்ட்ராசு
மேக்ரோ விரிவதும் கம்பைலரின் வேலைதான். ஒரே கட்டளை, ஒரே ப்ராசஸ்.

பைண்ட்மணி
நானும் ப்ரீகம்பைல், கம்பைல், லிங்க், பைண்ட் நான்கையும் ஒரே ஜேசிஎல்லில்தான் போடுவேன். ஒரே சப்மிட். அப்போது?

ரஸ்ட்ராசு
நான்கு ஸ்டெப்.

பைண்ட்மணி
ஒரே ஜாப்!

நிரல்_புதுமுகம்
மன்னிக்கவும், நான் ரஸ்ட் படிக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எஸ்க்யூஎல்எக்ஸில் லெஃப்ட் ஜாயின் (வலப்பக்கத்தில் பொருத்தம் இல்லாவிட்டாலும் இடப்பக்க வரியைத் தரும் இணைப்பு) போட்டு, வலப்பக்க டேபிளிலிருந்து பெயர் என்ற காலத்தை எடுத்தேன். மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்னும் ஆப்ஷன் டைப்பாக வந்தது தொல்லையாக இருந்ததால், இணையத்தில் பார்த்துப் பெயரின் பின்னால் ஆச்சரியக்குறி போட்டேன். கம்பைல் ஆனது. ஓட்டினால் எதிர்பாராத நல் (மதிப்பே இல்லை) என்று விழுகிறது. என்ன செய்வது?

பைண்ட்மணி
நன்றி தங்கச்சி. இத்தனை நேரம் நான் தொண்டை கிழியக் கத்தியதை இரண்டே வரியில் சொல்லிவிட்டாய். கம்பைல் ஆனது. ஓட்டினால் விழுந்தது. ராசு, இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

ரஸ்ட்ராசு
ஆச்சரியக்குறி என்பது "இது நல் ஆகாது, நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போடுவது. கம்பைலர் ஆப்ஷன் என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதை அதட்டி வாயை அடைத்தது அவர். நீங்கள் எழுதிய வேலிடேட் ரன் கதைதான் இது. கத்தியைத் தலைகீழாகப் பிடித்தால் என்று யாரோ சொன்னார்களே?

புதுமுகம், ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டு ஆப்ஷனாகவே வாங்கிக்கொள்ளுங்கள். எங்கேயாவது அது நல் ஆகாது என்று தவறாக ஊகித்தால் கேள்விக்குறி போடலாம்.

பைண்ட்மணி
"தவறாக ஊகித்தால்"! ஊகம் என்று அவரே எழுதிவிட்டார். நாங்கள் நல் இன்டிகேட்டர் என்று தனி வேரியபிள் வைத்துக் கையால் பார்ப்போம். ஊகமெல்லாம் கிடையாது.

அதோடு டிபி2-வில் இன்னொரு காவல் இருக்கிறது. லோட் மாட்யூலுக்குள்ளும் பைண்ட் உருவாக்கும் பேக்கேஜுக்குள்ளும் ஒரே முத்திரை இருக்கும். ஒன்றை மாற்றி மற்றதை மறந்துவிட்டால் -805 அல்லது -818 கொடுத்து ஓட விடாது. ஒரு வங்கியில் மொத்தமாக ஓடும் இரவு பேட்ச் இதனாலேயே நின்று, என்னை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள். உன் பைனரியில் அப்படி ஏதாவது உண்டா? டேபிளை யாரோ மாற்றிய பிறகும் ஜாலியாகக் கிளம்பும்.

ரஸ்ட்ராசு
ஐயா, அந்த -818 எப்போது வந்தது?

பைண்ட்மணி
சொன்னேனே, இரவு பேட்ச் ஓடும்போது.

ரஸ்ட்ராசு
ஓடும்போது. சரி.

பைண்ட்மணி
அது வேறு. அது பாதுகாப்பு. தவறான பைண்டைப் பிடிக்கும் பாதுகாப்பு. குவெரியைச் சரிபார்ப்பது பைண்டிலேயே முடிந்துவிட்டது. அந்த பைண்ட் கம்பைல்தான். எத்தனை தடவை சொல்வது?

டிபிஏ_அக்கா
என்னுடைய ரிப்போர்ட் திரையில் பதினான்கு ஃபில்டர். பயனர் எதைத் தொடுகிறாரோ அதற்குத் தக்கபடி குவெரியை ஓடும்போதுதான் ஒட்டிக் கட்டுகிறார்கள். அதை உங்கள் மேக்ரோ பார்க்குமா ராசு? உங்கள் பைண்ட் பார்க்குமா மணி சார்?

ரஸ்ட்ராசு
மேக்ரோவுக்கு குவெரி முழுதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இதற்கு குவெரி பில்டர் என்று தனியாக இருக்கிறது. அதில் சரிபார்ப்பு கிடையாது.

பைண்ட்மணி
டைனமிக் எஸ்க்யூஎல். ஓடும்போதுதான் ப்ரிப்பேர்.

டிபிஏ_அக்கா
ஆக, எனக்குத் தலைவலி தரும் குவெரிகளை இரண்டு பேரும் பார்ப்பதில்லை. நல்லது. காபி குடிக்கப் போகிறேன்.

சொல்வேட்டை
பழைய இழை கிடைத்துவிட்டது. நான் இணைத்தல் என்றுதான் எழுதியிருக்கிறேன். மணி ஐயா மன்னிப்புக் கேட்பாரா?

பைண்ட்மணி
அதற்குக் கீழே "பிணைத்தல் என்றும் சொல்லலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை ஏன் வெட்டிவிட்டுப் போட்டீர்கள்?

நிரல்_புதுமுகம்
ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டேன், இப்போது ஓடுகிறது. ரொம்ப நன்றி. ஒரு சின்னச் சந்தேகம், பைண்ட் என்றால் என்ன?

பைண்ட்மணி
கம்பைலின் கடைசிப் பகுதி, தங்கச்சி. விவரமாகச் சொல்கிறேன், 1983-இல்

ரஸ்ட்ராசு
புதுமுகம், பைண்ட் வேறு, கம்பைல் வேறு. முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பைண்ட்மணி
பாதி எழுதும்போதே கை தவறி அனுப்பிவிட்டேன். முழுப் பதிவு வருகிறது. அதுவரை யாரும் குறுக்கே பேச வேண்டாம்.