களத்தில் கற்றதை எதை வைத்து அளப்பது? (எம்.பி.எச். மாணவர் மதிப்பீடு)

மருதம் கேட்டது:

வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் ஆறு வருடமாக எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வருடம் 12 பேர். பல் மருத்துவம், நர்சிங், சித்தா முடித்தவர்கள், சமூகப்பணி படித்த ஒருவர் என்று கலவையான வகுப்பு.

போன மாதம் தடுப்பூசிகளின் குளிர்பதனப் பராமரிப்பைப் பார்க்க ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். தடுப்பூசிகளை வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டிக்குள் 2 முதல் 8 டிகிரி இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்த மாணவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, 'வெப்பநிலை சரியாகப் பராமரிக்கப்படுகிறது' என்று எழுதினார். அவருக்குப் பின்னால் நின்று அதே பக்கத்தை நானும் பார்த்தேன். மணி காலை பதினொன்று. அன்றைய மாலைக்கான கட்டத்தில் 4 டிகிரி என்று அதற்குள் எழுதியிருந்தது.

அவர் படிக்காதவர் இல்லை. பென்டாவேலன்ட், ஹெப்படைட்டிஸ் பி ஊசி மருந்துகள் உறைந்தால் வீண் என்பதும், மருந்து உறைந்ததா என்று குலுக்கிப் பார்க்கும் ஷேக் டெஸ்ட்டின் படிகளும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நாங்கள் இதுவரை கேட்டதும் அதைத்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது எங்களிடம் இருப்பது எழுத்துத் தேர்வு, வைவா (வாய்மொழித் தேர்வு), ஆய்வேடு, செய்த வேலைகளைக் குறிக்கும் லாக்புக். லாக்புக் பெரும்பாலும் கடைசி வாரத்தில் எழுதி ஒரே மூச்சில் கையெழுத்து வாங்குவதாகிவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்காகக் கற்றல் அடைவு அட்டவணையும் போடுகிறோம். 60 சதவீத மாணவர்கள் 60 மதிப்பெண்ணைத் தாண்டினால் அடைவு நிலை மூன்று, அதாவது உச்ச நிலை, என்பது எங்கள் துறை வைத்துக்கொண்ட கணக்கு. 'சமூகத்தோடு இணைந்து பணியாற்றும் திறன்' என்பது படிப்பின் ஆறாவது விளைவு. அதற்கு நேராக நாங்கள் காட்டுவது, 'சமூகப் பங்கேற்பின் படிநிலைகளை விளக்குக' என்ற பத்து மதிப்பெண் கேள்வி. அதில் எல்லோரும் நிலை மூன்று!

இரண்டே ஆசிரியர்கள் இருக்கிறோம். களத்தில் ஒரு மாணவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதை நேர்மையாக மதிப்பிட வழி சொல்லுங்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

அம்மா, நீங்கள் பின்னால் நின்று பார்த்தீர்களே, அதுதான் மதிப்பீடு. அதற்கு ஒரு தாள் இல்லாமல் போனதுதான் குறை.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் ஒரு பிரமிடு வரைந்தார். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அப்புறம் 'செய்து காட்டுவார்', உச்சியில் 'செய்கிறார்'. உங்கள் எழுத்துத் தேர்வும் வைவாவும் கீழ் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. ஆஸ்கி நிலையங்கள் (தேர்வு அறையில் மேசைக்கு மேசை ஒரு செயலைச் செய்து காட்டும் தேர்வு) வைத்தால் மூன்றாவது படி. ஆனால் தேர்வு அறையில் வைக்கிற பதிவேட்டில் தப்பு இருக்கும் என்று மாணவருக்கு முன்பே தெரியும், தேடிக் கண்டுபிடித்துவிடுவார். யாரும் சொல்லாத இடத்தில் கண்ணில் படுகிறதா என்பது நான்காவது படி.

விளைவுகளின் பட்டியலை ஒரு பக்கம் வையுங்கள். படிப்பு முடித்து வேலைக்குப் போன முதல் மாதத்தில் இவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்? ஐந்தாறு வேலைகளை எழுதுங்கள். தடுப்பூசி அமர்வை மேற்பார்வையிடுவது, வீடு வீடாகக் கணக்கெடுப்பது, வயிற்றுப்போக்கு பரவினால் நோயாளிப் பட்டியல் தயாரிப்பது, கிராமக் கூட்டத்தில் முடிவுகளைப் பேசுவது, இப்படி. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, 'நாளை இவரை இந்த வேலைக்குத் தனியாக அனுப்புவேனா?' என்று உங்களையே கேளுங்கள். கூடவே நிற்க வேண்டும், கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும், தனியாக விடலாம் என்று மூன்றே பதில். இன்னொரு மருத்துவக் கல்வியாளர் ஓலே டென் கேட் 2005-இல் ஒப்படைக்கத்தக்க பணிகள் என்று எழுதியதன் சாரம் இதுதான். பத்துக்கு ஆறா ஏழா என்று குழம்பும் ஆசிரியர்கூட இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மாணவரை இரண்டு வருடத்தில் எட்டுப் பத்து முறை, வேறு வேறு ஆட்கள் பார்க்க வேண்டும். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும்.

வரைபடக்காரன் எழுதியது:

நான் சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் களப் பயிற்சித் திட்டத்தில் படித்தவன். 2001-இலிருந்து அங்கே நடக்கிற திட்டம். இரண்டு வருடத்தில் பெரும்பகுதி களத்தில்தான். கண்காணிப்புத் தரவுப் பகுப்பாய்வு, நோய்ப்பரவல் விசாரணை என்று கையில் முடித்த வேலைகளைக் கொண்டுவர வேண்டும், அதை வைத்துத்தான் பேச்சு.

என் முதல் விசாரணை ஒரு கிராமத்து வயிற்றுப்போக்கு. மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுகிறார்கள் என்று ஆபரேட்டர் சொன்னதை அப்படியே அறிக்கையில் எழுதினேன். வழிகாட்டி அதைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் ஒரே வரிதான்: 'கடைசி வீட்டுக் குழாயில் எவ்வளவு?' மறுபடி போனேன். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்த தண்ணீர், குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் திரவத்தைச் சொட்டு விட்டதும் மஞ்சளானது. காலனிக் கோடியில் நிறமே மாறவில்லை. நோயாளிகளின் வீடுகளைப் புள்ளி வைத்திருந்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், புள்ளிகள் அந்தக் கோடியில்தான் குவிந்திருந்தன.

அறிக்கை நான்கு முறை திரும்பியது. நான் படித்தது அந்த நான்கு தடவையில்தான். அதனால் மேடம், கடைசி வடிவத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். முதல் வரைவையும் பத்திரமாக வைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படியுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பது அதில் தெரியும்.

துணை நிலையம் எழுதியது:

மேடம், நான் ஆசிரியர் இல்லை. 22 வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். வருடா வருடம் உங்களைப் போன்ற கல்லூரிகளிலிருந்து என் கிராமங்களுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் ஒரு தம்பி ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மாமியார் பக்கத்தில் இருக்கும்போதே மருமகளிடம் என்ன கருத்தடை முறை என்று கேட்டார். அந்தப் பெண் ஒன்றுமில்லை என்றாள். தம்பி 'ஏதுமில்லை' என்று டிக் செய்தார். அவள் காப்பர் டி போட்டிருப்பது எனக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. படிவத்தில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை, ஆனால் எழுதியிருந்தது பொய்.

அதே குழுவில் ஒரு பெண், குடிக்கத் தண்ணீர் கேட்டு மருமகளோடு அடுப்படிக்குப் போனாள். பேச வேண்டியதை அங்கே பேசினாள். அங்கேயே உப்பு ஜாடியையும் திறந்து பார்த்தாள். 'அயோடின் உப்பா?' என்றால் எல்லா வீட்டிலும் ஆமாம் என்பார்கள், பாக்கெட்டையும் காட்டுவார்கள். குழம்புக்குப் போடுவது வண்டியில் விற்கிற கல் உப்பு. அயோடின் இருந்தால் நீலமாகும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள், நீலம் ஆகவில்லை. யாரையும் குற்றம் சொல்லாமல், எந்த உப்பு நல்லது என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு எழுந்தாள். ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடி வந்தாள், கேட்காமலே. இந்தப் பெண்ணுக்கு உங்கள் கணக்கில் எந்தப் பேப்பரில் மார்க் விழும் என்று தெரியவில்லை.

நான் பார்ப்பது மூன்று. எங்கே உட்காருகிறார்கள், யார் இருக்கும்போது எதைக் கேட்கிறார்கள், திரும்ப வருகிறார்களா.

மருதம் எழுதியது:

சிஸ்டர், உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நாங்களும் உங்களைப் போன்றவர்களைக் கேட்டதே இல்லை. வருகைப் பதிவில் கையெழுத்து மட்டும் வாங்கியிருக்கிறோம். வெட்கமாக இருக்கிறது.

சார், நீங்கள் சொன்னபடி ஐந்தாறு வேலைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கத் தாள், நீங்கள் சொன்ன மூன்று பதில்கள், கீழே 'எதைப் பார்த்து இப்படிச் சொல்கிறேன்' என்று இரண்டு வரி. செவிலியருக்கும் அதே தாள், தமிழில். சக ஆசிரியரும் நானும் முதல் நான்கு மாணவர்களை ஒன்றாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிடுவோம். ஆய்வேட்டின் முதல் வரைவைத் துறையிலேயே வைத்துக்கொள்வோம். அட்டவணைக்கு எண் வேண்டும் என்றால், தனியாக விடலாம் என்று இரண்டு பேராவது சொன்ன மாணவர்களின் எண்ணிக்கையை எழுதுவேன். நிலை ஒன்றுதான் வரும் போலிருக்கிறது. வரட்டும். உள்ளதை எழுதினால்தான் அடுத்த வருடம் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று எங்களுக்கே தெரியும்.

புதன்கிழமை தோறும் கிராமத்துக்குப் போகலாம் என்று நினைத்திருக்கிறேன்.

துணை நிலையம் எழுதியது:

புதன் வேண்டாம் மேடம். அன்று தடுப்பூசி நாள், எந்தச் செவிலியராலும் உங்கள் பிள்ளைகளைக் கவனிக்க முடியாது. தடுப்பூசி அமர்வைப் பார்ப்பதாக இருந்தால் மட்டும் அன்று இரண்டு பேரை அனுப்புங்கள். வீடுகளுக்கு என்றால் வியாழன், மூன்று மணிக்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.