தகப்பனும் மகனும் தாய் ஊடாக மட்டும் கதைக்கிற வீடு: எங்கே தொடங்குவது?

கேள்வி
கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட். தகப்பனுக்குப் புறக்கோட்டையில் கடை, இரவில்தான் வீடு. மகன் ஏஎல் (உயர்தரம்) பயோ படிக்கிறான். ரெண்டு பேருக்கும் பல மாதமாக நேரடிப் பேச்சு இல்லை. "அப்பாட்டச் சொல்லுங்கோ", "அவனிட்டச் சொல்லு" என்று தாய்தான் நடுவில். மகன் சாப்பாட்டுக் கோப்பையோடு அறைக்குள் போனால் கதவு பூட்டு. சோதனை முடிய எல்லாம் சரிவரும் என்கிறார் தகப்பன். வருமா?

மறுமொழி 1
தானாக வராது. நடுவில் நிற்பவர் சண்டைக்குப் பயந்து இரண்டு பக்கத்தையும் வெட்டித்தான் கொண்டுபோவார். "எனக்கு பயோ ஏலாது, கொமர்ஸ் மாறப் போறன்" என்று மகன் சொன்னது, தகப்பனிடம் "கொஞ்சம் கஷ்டமாம்" என்று போய்ச் சேரும். அவர் இன்னொரு ரியூஷனுக்குக் காசு கட்டுவார். சொல்லியும் கேட்கவில்லை என்று பிள்ளை வாயை மூடிவிடும். இதில் தாய்தான் கூடத் தனித்துப்போகிறார். இருவர் பாரமும் அவரிடம், அவருடையதைக் கேட்க ஆளில்லை.

முதல் வேலை, செய்தி காவுவதை நிறுத்துவது. "நீயே சொல்லு, நான் பக்கத்தில இருக்கிறன்" என்றால் போதும். தகப்பன் மகனை மேசையில் எதிரே இருத்தி விசாரிக்க வேண்டாம். கடற்கரையோர மரைன் டிரைவ் வீதியில் பத்து நிமிடம் சேர்ந்து நடக்கலாம். முகம் பார்க்காமல் கதைப்பது இந்த வயதில் சுகம். மார்க்ஸ், அடுத்த வீட்டுப் பிள்ளை, செலவழித்த காசு மூன்றும் அந்த நேரத்தில் வரக்கூடாது. பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தகப்பன் பொறுக்கமாட்டாமல் சோதனையை இழுப்பார், எல்லாம் பழையபடி ஆகும். கனடா மாமாவை வாட்ஸ்அப்பில் எடுத்துப் புத்தி சொல்ல வைப்பது அதைவிட மோசம். பிள்ளைக்கு அது அவமானம்.

மறுமொழி 2
கதவு பூட்டுவது மட்டும் நோய் இல்லை. ஆனால் நித்திரை தலைகீழாகி, குளிப்பு, சாப்பாடு, கூட்டாளிமார் எல்லாம் விட்டுப்போய் இரண்டு கிழமை தாண்டினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அன்றைக்கே. "சாகவேணும் எண்டு யோசிக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஓம் என்றால் தனியே விடாதீர்கள். பனடோல் (பரசிற்றமோல்), வீட்டுப் பெரியவர்களின் பிரஷர், சீனி வருத்தக் குளிசைகள் எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

பனடோல் அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர் முதல் நாள் சாதாரணமாகவே தெரியலாம், ஈரல் பழுதாவது பிறகுதான் வெளியே தெரியும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்தை 8 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் நன்றாகக் காப்பாற்றலாம். ஆகவே "ஆள் நல்லாத்தானே இருக்கு" என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை எடுங்கள்.

மறுமொழி 3
மகன் வைத்தியரிடம் வர மறுத்தால் பெற்றோரே முதலில் 1926க்கு எடுக்கலாம். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் இயங்கும். ஆலோசனைக்கு 1333 இலவசம். எடுக்கும்போதே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தாயும் தன் பாரத்தைச் சொல்ல அதே இலக்கங்களை எடுக்கலாம், பிள்ளைக்காக மட்டும் என்றில்லை.

தகப்பனுக்கு முதல் வசனம் வராவிட்டால் இதைச் சொல்லட்டும்: "தம்பி, சோதனையைப் பற்றிக் கேக்க வரேல்லை. நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியேல்லை, அதுதான் வந்தனான்." பதில் வராவிட்டால் கோபிக்காமல் எழும்பிப் போய், அடுத்த நாளும் அதே நேரத்துக்கு வரவேண்டும்.