செலக்டிவிட்டி: 'தேர்திறன்' சரியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் வேதியியல் கலைச்சொல் பட்டியலில் 'ஹெட்டிரோஜீனியஸ் கேட்டலிஸ்ட்' என்பதற்கான 'பலபடித்தான வினையூக்கி' (வினைபடும் பொருள்களிலிருந்து வேறு நிலையில், பெரும்பாலும் திண்மமாக, இருக்கும் வினையூக்கி) பற்றி இனிப் பேச வேண்டாம். 'பலபடித்தான' பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல். சிக்கல் செலக்டிவிட்டியில்தான், அதாவது பல விளைபொருள்கள் வரக்கூடிய வினையில் வேண்டியதையே பெரும்பாலும் தரும் பண்பைக் குறிக்கும் சொல்லில்.

'செலக்டிவ் ஹைட்ரஜனேஷன்' என்பதை (ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினை) 'தேர்ந்த ஹைட்ரஜனேற்றம்' என்று எழுதலாம் என்று வந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. தேர்ந்த மருத்துவர், தேர்ந்த தச்சர் என்று படித்துப் பழகியவர்கள் இதையும் 'திறமையான' என்றே எடுத்துக்கொள்வார்கள். 'தெரிவுத்திறன்' பிழையில்லாத சொல். இலங்கையில் உடனே புரியும். தமிழ்நாட்டில் 'தெரிவது' கண்ணுக்குப் படுவதாகவும் ஒலிக்கிறது.

என் பரிந்துரை 'தேர்திறன்'. கரைதிறன், இணைதிறன் வரிசையில் இயல்பாக உட்காருகிறது.

பொருளும் பொருந்துகிறதா என்று லிண்ட்லார் வினையூக்கியில் வைத்துப் பார்ப்போம். ஹெர்பர்ட் லிண்ட்லார் 1952-இல் வெளியிட்டது இது: கால்சியம் கார்பனேட் மேல் பல்லேடியம், அதோடு கொஞ்சம் காரீயம், குயினோலின். ஹைட்ரஜனேற்றும்போது வெறும் பல்லேடியம் என்றால் ஆல்கைன் (கார்பன் முப்பிணைப்பு உள்ளது) ஆல்கீனாகி (இரட்டைப் பிணைப்பு), அங்கே நிற்காமல் ஆல்கேன் (ஒற்றைப் பிணைப்பு) வரை போய்விடும். காரீயமும் குயினோலினும் பல்லேடியத்துக்கு நஞ்சு. அந்த நஞ்சால் ஆல்கீனை அது பற்றிக்கொள்வது தளர்கிறது. ஆல்கைனை இன்னும் பற்றுகிறது. அதனால் வினை ஆல்கீனோடு நிற்கிறது, அதுவும் பெரும்பாலும் சிஸ் வடிவில் (இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் தொகுதிகள் இருப்பது). வேகத்தைக் குறைத்துத் தேர்திறனைக் கூட்டுகிறோம். 'ஊக்கும் திறன்' வேறு, 'தேர்திறன்' வேறு என்று இங்கே பளிச்சென்று தெரிகிறது.

அளவாகச் சொல்லும்போதும் சொல் தடுக்கவில்லை. வெள்ளியின் மேல் எத்திலீனை ஆக்சிஜனேற்றினால் எத்திலீன் ஆக்சைடு கிடைக்கும். கொஞ்சம் எரிந்து கார்பன் டைஆக்சைடாகவும் போகும். 100 எத்திலீன் மூலக்கூறுகளில் 10 வினைபட்டு, அவற்றில் 9 எத்திலீன் ஆக்சைடானால், வினைபட்ட அளவு 10 விழுக்காடு, விளைச்சல் 9, தேர்திறன் 90. மாணவர்கள் விளைச்சலையும் தேர்திறனையும் போட்டுக் குழப்பிக்கொள்வது இங்கேதான், அதனால் கலைச்சொல் விளக்கத்தில் இந்தக் கணக்கையே கொடுத்துவிடலாம்.

அடைமொழியாக வரும்போது 'தேர்திறன் மிக்க ஹைட்ரஜனேற்றம்' என்றால் போதும். ரீஜியோசெலக்டிவிட்டிக்கு (மூலக்கூறின் எந்த இடத்தில் வினை நடக்கிறது என்பதில் உள்ள தேர்வு) 'இடத்தேர்திறன்' சரளமாக வருகிறது. சின்னமால்டிஹைடில் கார்பன் இரட்டைப் பிணைப்பை விட்டுவிட்டு ஆல்டிஹைடு தொகுதியை மட்டும் ஒடுக்குவது (ஹைட்ரஜன் சேர்ப்பது) போன்ற கீமோசெலக்டிவிட்டிக்கு 'தொகுதித் தேர்திறன்' என்று எழுதிப் பார்த்தேன். அது கொஞ்சம் கனமாக இருக்கிறது. இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். 'தேர்திறன்', 'இடத்தேர்திறன்' இரண்டுக்கும் மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.