மண்டபத்தில் ஒரு ராத்திரி படுத்தவரும் இடம்பெயர்ந்தவரா? 54 லட்சம் கணக்கு பற்றி

நொய்யல்காரன் (திருப்பூர்)
மழை பற்றிய இழையில் தறிக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது, அதனால் தனி இழையாகவே போடுகிறேன். 2024-ல் மட்டும் இந்தியாவில் வெள்ளத்தாலும் புயலாலும் 54 லட்சம் பேர் வீட்டை விட்டுப் போனார்களாம், அதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லையாம். ஜெனீவாவில் இருக்கும் உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையத்தின் கணக்கு இது. அந்த அறிக்கையை நானும் பார்த்தேன். புயல் வருகிறது என்று அதிகாரிகள் வண்டி விட்டு ஆட்களை ஏற்றி, கல்யாண மண்டபத்தில் படுக்க வைத்து, சாம்பார் சாதம் போட்டு, மறுநாள் வீட்டுக்கு அனுப்பினால் அதுவும் அந்தக் கணக்கில் ஒன்று. அதே ஆள் அடுத்த புயலுக்கும் மண்டபம் போனால் இரண்டு. இதை வைத்துக்கொண்டு 54 லட்சம் பேர் நடுத்தெருவில் நிற்பது போல எழுதினால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரே கேள்விதான். ஒரு ராத்திரி மண்டபத்தில் படுத்தவர் இடம்பெயர்ந்தவரா, இல்லையா?

தறிக்காரர் (சோமனூர்)
நடுத்தெருவில் நிற்கிறார்கள் என்று நான் எங்கே எழுதினேன்? சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அந்த 54 லட்சத்தில் ஏறக்குறைய பாதி அஸ்ஸாம் வெள்ளம். அங்கே பிரம்மபுத்திரா கரையை அரித்துக்கொண்டு போனால் வீட்டோடு நிலமும் ஆற்றுக்குள் போய்விடும், திரும்பிப் போவதற்கு இடமே இருக்காது. எல்லாரும் மண்டபத்தில் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுப் போனவர்கள் கிடையாதுங்க.

சத்தி வாத்தியார்
இரண்டு பேருமே இரண்டு வேறு கணக்குகளைக் குழப்பிக்கொள்கிறீர்கள். வருடம் முழுக்க எத்தனை தடவை ஆட்கள் நகர்ந்தார்கள் என்பது ஒரு கணக்கு. டிசம்பர் 31 அன்று எத்தனை பேர் இன்னும் வீடு திரும்பாமல் இருக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. 54 லட்சம் முதல் வகை, அது நகர்வுகளின் எண்ணிக்கை. 2024 கடைசியில் உலகம் முழுக்கத் திரும்பாமல் இருந்தவர்கள் 8 கோடியே 34 லட்சம், அது இரண்டாவது வகை. அதில் சுமார் 7 கோடியே 35 லட்சம் பேர் சண்டையாலும் வன்முறையாலும் போனவர்கள், சுமார் 98 லட்சம் பேர் பேரிடரால் போனவர்கள். உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி 1998-ல் ஐ.நா. முன்வைத்த வழிகாட்டு நெறிகளில், இடம்பெயர்ந்தவர் என்றால் கட்டாயத்தால் வீட்டை விட்டுப் போயிருக்க வேண்டும், நாட்டு எல்லையைத் தாண்டியிருக்கக் கூடாது, இவ்வளவுதான். எத்தனை நாள் என்ற நிபந்தனை கிடையாது. ஆபத்து வருமுன் தப்பிக்கப் போவதும் அதில் சேர்ந்ததுதான்.

நொய்யல்காரன்
வாத்தியார் ஐயா, வகுப்பு வேண்டாம். ஆமாவா, இல்லையா? அவ்வளவுதான் கேட்டேன்.
அந்தப் பட்டியலில் அதே வருடம் அமெரிக்காவுக்கு எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 10 லட்சம். ஹெலீன், மில்டன் புயல்களுக்குக் காரை எடுத்துக்கொண்டு போய் லாட்ஜில் தங்கி, டிவி பார்த்துவிட்டுத் திரும்பினவரெல்லாம் அதில் இருக்கிறார். சூடானில் 1 கோடியே 16 லட்சம் பேர் குண்டுக்கு பயந்து ஓடி இன்னும் ஊர் திரும்ப முடியாமல் கிடக்கிறார்கள். இரண்டையும் ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த பக்கத்தில் போட்டால் படிக்கிறவனுக்கு எது பெரிது என்று எப்படித் தெரியும்? சூடான்காரனுக்குச் செய்கிற துரோகம் இது. கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)
மண்டபம் மண்டபம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, அந்த மண்டபத்தில் படுத்தவர் காலையில் எங்கே போனார் என்று பார்த்திருக்கிறீர்களா? 2018 நவம்பரில் கஜா வந்தபோது கரை கடக்கும் முன்பே 80 ஆயிரம் பேருக்கு மேல் முகாம்களில் வைத்தார்கள். அதனால்தான் உயிர் பிழைத்தார்கள். நாங்கள் தென்னை நாற்று ஏற்றிக்கொண்டு பேராவூரணிப் பக்கம் போனபோது வழியெல்லாம் மரங்கள் ஒரே திசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தன. ஒரு வீட்டில் சுவர் மட்டும் நிற்கிறது, ஓடுகளும் கூரையும் பக்கத்து வயலில் கிடக்கின்றன. அந்த வீட்டு அம்மா அடுப்பைப் பற்ற வைத்து அதன் சூட்டில் ரேஷன் கார்டையும் பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் காய வைத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுத்துவிட்டு வந்தவர்தான். உங்கள் கணக்குப்படி அவர் வீடு திரும்பிவிட்டார். எந்த வீடுங்க?

நொய்யல்காரன்
அந்தம்மா வீடு இழந்தவர், அவரைக் கணக்கில் வையுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? நான் கேட்பது வீடு நன்றாக இருந்து திரும்பினவரை. அதற்குப் பதில் வராது.
நாற்று லாரி பற்றிப் பேசியதால் கேட்கிறேன், அன்று இந்தக் குழுவில் வசூலித்த லாரி வாடகைக் கணக்கை இன்றுவரை யாரும் போடவில்லை. உலகக் கணக்கை அப்புறம் பார்க்கலாம்.

தென்னந்தோப்பு
டீசல் ரசீது, சுங்கச்சாவடி ரசீது, நாற்று விலை எல்லாம் போட்டோ எடுத்துப் போட்டேன். பழைய இழைகளைத் தேடிப் பாருங்கள். நீங்கள் கொடுப்பதாகச் சொன்ன தொகை மட்டும்தான் அதில் இல்லை, ஏனென்றால் அது வரவேயில்லை.

நொய்யல்காரன்
அந்த மாதம் கம்பெனியில் ஆர்டர் நின்றுபோனது ஊருக்கே தெரியும். அதை இங்கே இழுக்கிறவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

செக்கிங் அக்கா (திருப்பூர்)
பணச் சண்டையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும். கஜாவுக்கு அப்புறம் டெல்டாவில் இருந்து ஒரு குடும்பம் எங்கள் காம்பவுண்டு லைன் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் தென்னை ஏறுகிறவர், ஏற மரமே இல்லை. இங்கே வந்து அயர்ன் மேசைக்கு ஹெல்பராக நின்றார், அவர் மனைவி எங்கள் செக்கிங் டேபிளுக்கு வந்தார். முதலில் பொங்கல் வரைக்கும் என்றார்கள், அப்புறம் பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் என்றார்கள், இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். முகாமில் இருந்தபோது அவர்கள் பெயர் ஒரு நோட்டில் இருந்தது. முகாமை மூடினார்கள், நோட்டையும் மூடினார்கள். பஸ் ஏறி திருப்பூரில் இறங்கினால் யார் எண்ணுகிறார்கள்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஊர் மாறிய காரணம் என்று வேலை, தொழில், படிப்பு, கல்யாணம், பிறந்த பின் மாறியது, குடும்பத்தோடு மாறியது, மற்றவை என்றுதான் இருந்தது. புயல் என்று ஒரு கட்டம் கிடையாது. அண்ணா, நீங்கள் கணக்கு அதிகம் என்கிறீர்கள். குறைவு என்கிறேன் நான்.

நொய்யல்காரன்
தங்கச்சி, திருப்பூருக்கு யார் வந்தாலும் வேலைக்குத்தான் வருகிறார்கள். தேனி, மதுரை, ஒடிசா, பீகார் எல்லாம் அப்படித்தான். நாளைக்கு ஒடிசாக்காரர்களையும் புயலுக்குத் தப்பி வந்தவர்கள் என்பீர்களா? அப்புறம் பனியன் கம்பெனி முழுக்க முகாம் என்று எழுதிவிடலாம்.

செக்கிங் அக்கா
2019-ல் ஃபானி வந்தபோது ஒடிசாவில் 12 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். அதில் எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள், எத்தனை பேர் கூரை மேய காசு வேண்டும் என்று ரயில் ஏறினார்கள் என்று யாராவது பின்னால் போய்ப் பார்த்தார்களா? வேலை தேடி வருவதும் வேறு வழியில்லாமல் வருவதும் ஒன்றாகிவிடாது.

மேட்டுப்பாளையத்தான்
அக்கா சொன்ன நோட்டு விஷயம் உண்மை. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்கு நாங்கள் போர்வை, பாத்திரம் கொண்டுபோனோம். மேப்பாடி பள்ளிக்கூடத்தில் பாய் போட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள், யார் எந்த வகுப்பறை என்று கதவில் தாள் ஒட்டி எழுதியிருந்தது. சில வாரத்தில் வாடகை வீடுகளுக்கு அனுப்பினார்கள், மாதம் 6,000 ரூபாய் வாடகை அரசு தந்தது. கல்பற்றாவில் எஸ்டேட் நிலத்தில் புது ஊர் கட்டத் தொடங்கியது 2025 மார்ச்சில்தான். பள்ளிக்கூடம் காலி என்பதால் பிரச்சினை முடிந்ததா? சரிவில் போன முண்டக்கையும் சூரல்மலையும் திரும்பிப் போகக்கூடிய இடமாகவா இருக்கின்றன?

நொய்யல்காரன்
வயநாட்டையும் மண்டபத்தையும் யாரும் ஒன்றாகப் பேசவில்லை தம்பி. ஒரு ராத்திரி, வீடு சேதமில்லை, மறுநாள் திரும்பிவிட்டார். இதற்குப் பதில்? இத்தனை பேர் எழுதியாகிவிட்டது, ஒருத்தரும் நேராகச் சொல்லவில்லை.

சத்தி வாத்தியார்
முதல் பதிவிலேயே சொன்னேன். நகர்வுக் கணக்கில் சேர்வார். வருடக் கடைசிக் கணக்கில் சேர மாட்டார்.

நொய்யல்காரன்
பார்த்தீர்களா, சேர்வார் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். நான் சொன்னதும் அதுதானே.

சத்தி வாத்தியார்
பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன், முகாம் பட்டியல் இல்லாத இடத்தில் இடிந்த வீடுகளின் எண்ணிக்கையை ஒரு குடும்பத்தின் சராசரி ஆட்களால் பெருக்குகிறார்கள். அதனால் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் செல்போன் சிம் நகர்ந்ததை வைத்து தலைநகரை விட்டு எத்தனை பேர் வெளியேறினார்கள் என்று கணித்தார்கள். ஆனால் போன் இல்லாத கிழவியை எந்த டவரும் பிடிக்காது.

பவானி அம்மணி
இவ்வளவு நேரம் பொறுத்துப் படித்தேன். உலகத்துக் கணக்கெல்லாம் பேசுகிறீர்கள், நம் வீட்டு வாசலில் நடந்ததை ஒருத்தர் சொல்லவில்லை. 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்த பவானிசாகர் அணையில் எங்கள் அப்பத்தாவின் ஊர் போனது. டணாய்க்கன்கோட்டைக் கோயில் தண்ணீர் வற்றினால் இன்றும் வெளியே தெரியும், எல்லாரும் போய் செல்ஃபி எடுக்கிறீர்கள். அந்தச் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள். அவர்களை அந்த ஜெனீவா அறிக்கை எண்ணுமா? அணைக்காகப் போனவர்கள் அந்த வருடாந்திரத் தொகையில் வரமாட்டார்கள். அதே 1998 நெறிகளில் ஆறாவது நெறி பெரிய திட்டங்களுக்காகத் தன்னிச்சையாக விரட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. வாத்தியார் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

வாய்க்கால்கரை (ஈரோடு, கடைமடை)
அம்மணி, அந்த அணையால்தான் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் நனைகிறது. அதைத் திட்டுவதற்கு முன்னால் உங்கள் வீட்டு அரிசி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

பவானி அம்மணி
அணையைத் திட்டவில்லைங்க. ஊரை விட்டவர்களுக்குக் கணக்கு இல்லை என்றேன். நிலம் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாத ஆட்கள் கரையில் உட்கார்ந்து பேசுவது நன்றாக இல்லை.

வாய்க்கால்கரை
கரையில் உட்கார்ந்தால் தண்ணீர் வந்துவிடுமா? மேலே இருக்கிறவர்கள் கசிவு நீர், கிணறு என்று சொல்லி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடவிடாமல் தடுக்கிறீர்கள், எங்கள் மடைக்கு வருவதற்குள் பாதி மண்ணுக்குள் போகிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் நாங்களும் தோட்டத்தை விற்றுவிட்டுப் போகிறவர்கள்தான். அப்போது எங்களை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

தென்னந்தோப்பு
கான்கிரீட் போட்டால் கசிவில் பாசனம் செய்கிற தோட்டமெல்லாம் காய்ந்து போகும், அப்போது அவர்களும் போவார்கள். அதைச் சொல்ல மாட்டீர்களே.

வாய்க்கால்கரை
பொள்ளாச்சிக்காரருக்கு எங்கள் கீழ்பவானி வாய்க்காலில் என்ன வேலை? உங்கள் ஆழியாறு தண்ணீர்ச் சண்டையை முதலில் முடியுங்கள்.

தறிக்காரர்
வாய்க்கால் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. நான் சொல்ல வந்ததே வேறு. 1997-ல் மிசோரத்தில் இருந்து விரட்டப்பட்ட புரூ பழங்குடி மக்கள் திரிபுரா முகாம்களில் 20 வருடத்துக்கு மேல் கிடந்தார்கள், அங்கேயே குடியமர்த்த ஒப்பந்தம் போட்டது 2020 ஜனவரியில். முகாமிலேயே பிறந்து முகாமிலேயே கல்யாணம் ஆன பிள்ளைகள் இருக்கிறார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் வீடு எரிந்து ஓடினவர்கள் கதையும் அப்படி ஆகக் கூடாது என்றால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது விடாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். சண்டையில் ஓடினவர்களை எண்ண எந்த அரசாங்கத்துக்கும் அவசரம் இருக்காது. ஒரு வெளி ஆள் எண்ணுகிறான் என்பதற்காக அவன் மேலே விழுகிறீர்கள். அவன் எண்ணாவிட்டால் நீங்கள் எண்ணுவீர்களா?

நொய்யல்காரன்
எண்ணட்டும், ஒழுங்காக எண்ணட்டும். புரூ மக்கள் 20 வருடம், மண்டபத்துக்காரர் ஒரு ராத்திரி. இரண்டுக்கும் ஒரே சொல்லா? நான் திருப்பூரில் துணி விற்கிறவன். தேறின பீஸையும் ரிஜெக்‌ஷன் பீஸையும் ஒரே பெட்டியில் போட்டு எண்ணிக்கை காட்டினால் பையர் சரக்கையே திருப்பி அனுப்புவான். பெரிய தொகை போட்டால்தான் உலகம் திரும்பிப் பார்க்கும் என்று நினைக்கிறார்கள், ஒரு நாள் ஒருத்தரும் நம்பாமல் போவார்கள். அப்போது நஷ்டம் உண்மையாகவே வீடு போனவனுக்குத்தான். இதைத்தான் முதலில் இருந்து சொல்கிறேன், ஒருத்தருக்கும் புரியவில்லை, அல்லது புரியாத மாதிரி இருக்கிறீர்கள்.

செக்கிங் அக்கா
மனிதர்களைப் பீஸ் கணக்கில் சொல்லாதீர்கள் அண்ணா, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. 2027 கணக்கெடுப்புக்கு எங்கள் லைன் வீட்டுக்கும் ஆள் வருவார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் கஜா புயலில் எல்லாம் போனதால் என்று அந்தக் குடும்பத்தைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். கட்டம் இல்லை என்றால் மற்றவை என்று எழுதட்டும், வேலைக்கு வந்தோம் என்று மட்டும் சொல்லக் கூடாது.

நொய்யல்காரன்
அவர்கள் வேலை பார்க்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள், வேலைக்கு வந்தோம் என்பதுதான் உண்மை. கணக்கெடுக்க வருகிறவரிடம் இப்படிச் சொல்லு என்று முன்கூட்டியே பாடம் சொல்லிக் கொடுப்பது சரியில்லை தங்கச்சி.

செக்கிங் அக்கா
புயல் வந்தது பொய்யா?

நொய்யல்காரன்
புயல் வந்து எத்தனை வருடம் ஆகிறது?

செக்கிங் அக்கா
கன்று நட்டு காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று பொள்ளாச்சி அண்ணாவைக் கேளுங்கள்.

நொய்யல்காரன்
அவரோடு எனக்குப் பேச்சு இல்லை என்று மேலேயே எழுதிவிட்டேன்.